தம்பி பேரில் கிரயம் பண்ணின தோட்டம் யாருடையது?

பனியன் கம்பெனி அண்ணனுடையது. காங்கேயம் பக்கத்தில் அவர் காசில் வாங்கின நாலு ஏக்கர் தம்பி பேரில். "பேங்குல கடன் நிக்குது, என்ர பேர் வேண்டாம், உன்ர பேர்லயே எழுதிக்கலாம்" என்ற ஒரு வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். தோட்டத்தை விற்கத் தம்பி மகன் அட்வான்ஸ் வாங்கினான் என்று தெரியும்போதுதான் வக்கீல் நினைப்பே வரும்.

காசு போட்டவனுக்குத்தான் சொத்து என்பது ஒரு காலத்தில் எடுபட்ட வாதம். 1973ல் ஜெயதயாள் போத்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறு விஷயம் பார்க்கச் சொன்னது: பணம் யாருடையது, அனுபவம், அதாவது சொத்து கைவசம், யாரிடம், அடுத்தவர் பேரில் வாங்கக் காரணம் என்ன, இருவருக்கும் என்ன உறவு, பத்திரம் யார் பெட்டியில், பிற்பாடு சொத்தைக் கையாண்டது யார். பினாமி என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நம்ம ஊரில் அனுபவத்தை நிரூபிப்பதே பாடு. தோட்டத்துக் கரண்டு இலவசம், கட்டின பில் என்று காட்ட ஒன்றும் இருக்காது. கிஸ்து (நிலவரி) ரசீது, என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் அடங்கல், தேங்காய் வியாபாரி யார் கணக்கில் பணம் போட்டார் என்பதுதான் பேசும்.

ஆனால் 1988 பினாமி சட்டத்தின் 4வது பிரிவு, "காசு என்னுது" என்று வழக்குப் போடவே தடை போட்டுவிட்டது. சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 1.11.2016க்குப் பின் வாங்கியது என்றால் சொத்து பறிமுதலாகும். 1 முதல் 7 வருசம் கடுங்காவல், சந்தை மதிப்பில் 25% வரை அபராதம். அண்ணன் நீட்டுகிற பேங்க் ஸ்டேட்மெண்ட் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

விலக்கு உண்டு. கணக்கில் வந்த பணத்தில் மனைவி, மக்கள் பேரில் வாங்கலாம். கூடப்பிறந்தவர் என்றால் பத்திரத்தில் இருவர் பேரும் சேர்ந்து இருக்கணும்; தம்பி பேர் மட்டும் என்றால் இந்த விலக்கு இல்லை. மச்சினனுக்கு அதில் இடமே கிடையாது. கூட்டுக்குடும்பச் சொத்து என்று வாதாடலாம்தான். ஒரே அடுப்பில் சமைத்தோம் என்றால் போதாது, பொதுச் சொத்தில் வந்த வருமானத்தில் வாங்கியது என்று காட்டணும்.

இருபது ரூபாய் பத்திரத்தில் "தோட்டம் அண்ணனுக்கே" என்று தம்பியிடம் கையெழுத்து வாங்கி வைத்தவர்களும் உண்டு. பதிவு செய்யாத அந்தக் காகிதம் உரிமைக்கு ஆதாரமாக நிற்காது. பினாமி என்பதற்கு வேண்டுமானால் உதவும்! தம்பியே மனசு வந்து திருப்பி எழுதிக் கொடுத்தாலும் அதே பினாமி சட்டத்தின் 6வது பிரிவுப்படி அது செல்லாது.

தம்பிக்கு நிஜமாகவே கடனாகக் கொடுப்பதென்றால் பேங்க் வழியாகக் கொடுத்துப் புரோநோட்டு வாங்குங்கள். மூணு வருசக் கெடுவுக்குள் தம்பி கட்டுகிற தொகையை நோட்டில் வரவு வைத்துக்கொண்டே வரணும். தோட்டம் வராது, காசாவது வரும். தோட்டமே வேணும் என்றால் கிரயத்தன்றே உங்கள் பேரும் பத்திரத்தில் ஏறணும், பேங்குக்காரன் பார்த்தாலும் சரி.