கேட்பதற்குத்தான் கூலி

சுயாதீன இசைக்கலைஞர் ஒருவர் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை வெளியான நேர்காணலின் துணுக்கை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவாகக் கலந்து ஒரு பாட்டாக்குவதும் (மிக்ஸிங்), கலந்ததை வெளியீட்டுக்காகக் கடைசியாகச் செப்பனிடுவதும் (மாஸ்டரிங்) என் வேலை. பாதிப் பேர் எனக்காகக் கோபப்பட்டு அனுப்பினார்கள், மீதிப் பேர் நான் கோபப்படுகிறேனா என்று பார்ப்பதற்காக அனுப்பினார்கள். கோபத்தோடு எழுதினால் சொல்ல வந்தது சிதறிவிடும் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். ஆனால், "மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் முடிந்துவிடுகிறது, அதற்கு எதற்குத் தனியாக ஓர் ஆள், தனியாகக் காசு" என்று அவர் சிரித்தபடி சொன்னபோது பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது நான் மிக்ஸ் செய்த பாட்டு. அதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இன்றும் என்னை அண்ணா என்றுதான் அழைக்கிறார், நானும் தம்பி என்றுதான் சொல்வேன். அந்த உறவு கெட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

பொத்தான் எல்லோரிடமும்தான் இருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸர், அடி ஒலி முதல் கூர் ஒலி வரை கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர், எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் என்று என்னிடம் இருக்கும் அதே கருவிகள் தம்பியின் மடிக்கணினியிலும் இருக்கின்றன. சிலவற்றில் அவரிடம் இருப்பது என்னுடையதைவிடப் புதியது. எதை, எப்போது, எவ்வளவு தட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்று காதால் கேட்டு முடிவெடுப்பதுதான் என் தொழில். நான் வாங்குவது கேட்பதற்கான கூலி.

அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பதிவான 46 ஒலித்தடங்கள் (ட்ராக்) வந்தன. குரலைப் படுக்கையறையில் பதிவு செய்திருந்தார்கள். சுவரும் பீரோவும் சேர்ந்து 250 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கத்தில் பானைக்குள்ளிருந்து பாடுவது போன்ற ஒரு கும்மலைக் குரலோடு ஒட்டிவிட்டிருந்தன. அதை மொத்தமாக வெட்டினால் குரல் மெலிந்து உயிர் போய்விடும், விட்டால் சொல் புரியாது. பல்லவியின் இரண்டாவது வரி "மணல்" என்ற சொல்லில் முடிகிறது. அதே இடத்தில் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் ஒலி விரிந்து வந்து அந்தக் கடைசி 'ல்'லை விழுங்கிக்கொண்டிருந்தது. கேட்பவர் காதில் "மண" என்றுதான் விழும். கடற்கரையில் நிற்கும் பாட்டு கல்யாண வீட்டுக்குப் போய்விடும். ஒரு நொடியில் கால் பங்குகூட நீளாத அந்த மெய்யெழுத்துக்காகக் குரலின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மூன்று டெசிபல் ஏற்றி, சிந்தசைசரை அதே கணத்தில் ஒன்றரை டெசிபல் இறக்கி, ஏற்றியதும் இறக்கியதும் வெளியே தெரியாதபடி இரண்டையும் சரிவாக இழைத்தேன். தமிழில் குறில் நெடிலாகிவிட்டால் பொருளே மாறிவிடும். ரிவெர்ப்பின் வால் கொஞ்சம் நீண்டால் "பல்" என்பது "பால்" என்று கேட்கத் தொடங்கிவிடும். எந்தப் பொத்தானுக்கு இது தெரியும் என்று தம்பி எனக்குச் சொல்ல வேண்டும்.

அதே பாட்டில் பேஸ் கிட்டார் கைப்பேசியில் கேட்கவே இல்லை என்று நள்ளிரவில் செய்தி அனுப்பினார். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் அவ்வளவு கீழான ஒலியைத் தரவே முடியாது. அதனால் பேஸின் மேல் அடுக்கு அதிர்வுகளைச் சற்றே கூர்மையாக்கினேன். மேலடுக்குகள் காதில் விழுந்தால் இல்லாத அடி ஒலியை மூளை தானே ஊகித்துக்கொள்ளும். பிறகு அதைக் காரில் கேட்டேன், மலிவான இயர்போனில் கேட்டேன், என் அம்மாவின் கைப்பேசியை அரிசி டப்பா மேல் வைத்துக் கேட்டேன். மொத்தம் ஏழு கரெக்‌ஷன். ஏழாவதை அனுப்பியபோது, "அண்ணா, இப்பதான் பாட்டு மாதிரி இருக்கு" என்று அவரே குரல் செய்தி அனுப்பினார். அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

"இயந்திரமே மாஸ்டரிங் செய்து தருகிறதே" என்று கேட்பீர்கள். தருகிறது, லேண்டர் போன்ற சேவைகள் 2014 முதலே இருக்கின்றன. அவசரத்துக்கு உதவும், நானும் மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓதுவாரின் பிள்ளைகள் தங்கள் தந்தையின் தேவாரப் பதிவைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, வயதான குரல். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் விசிறியின் இரைச்சலும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தன. இரைச்சல் நீக்கும் மென்பொருளில் போட்டபோது அரை நிமிடத்தில் அமைதியாகிவிட்டது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் பெரியவர் குரலைத் தழைத்து அசைத்து விடுவாரே, அந்தக் கமகமும் இரைச்சலோடு சேர்ந்து போய்விட்டது. இரண்டு இரவு உட்கார்ந்து, அவர் மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் விசிறியைக் குறைத்து, பாடும் இடங்களில் அதை மெலிதாக அப்படியே விட்டேன். "அப்பா கூடத்தில் உட்கார்ந்து பாடுவது போலவே இருக்கிறது" என்று மூத்த மகள் சொன்னார். விசிறியை எங்கே விட வேண்டும் என்று கேட்டுச் சொன்னதற்குத்தான் அவர்கள் எனக்குப் பணம் கொடுத்தார்கள், பேரம் பேசாமல் கொடுத்தார்கள்.

"அந்தக் காலத்தில் மிக்ஸிங் எங்கே இருந்தது, அந்தப் பாட்டெல்லாம் நன்றாக இல்லையா" என்பது அடுத்த கேள்வி. இதைக் கேட்பவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை மறந்துவிடுகிறார்கள். பாடகரும் இசைக்குழுவும் சேர்ந்து ஒரே மூச்சில் இசைத்தபோது, அதை அப்போதே கேட்டு, அப்போதே அளந்து, எந்த மைக்கை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்தவர் அவர். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி அவருக்கு இல்லை. அவர் செய்ததுதான் மிக்ஸிங். ரஹ்மானின் கேசட் அட்டைகளில் பொடி எழுத்தில் எச். ஸ்ரீதர் என்ற பெயரைப் படித்து வளர்ந்தவன் நான். ஒலிப்பதிவுக்காகத் தேசிய விருதுகள் பெற்ற அந்த மனிதர் 2008 டிசம்பரில் மறைந்தபோது, ஒரு முறைகூட நேரில் பார்க்காத நான் அழுதேன். ஓர் அட்டையில் ஒரு பெயர் இருந்ததால்தான் இப்படி ஒரு தொழில் உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது.

ஒலியளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இன்னும் சத்தமாக வேண்டும் அண்ணா" என்று தம்பி மூன்று முறை கேட்டார். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் (ஒலி காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்துதான் ஒலிபரப்புகிறது. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கி ஏற்றிக் கொடுத்தாலும் அங்கே இறக்கிவிடுவார்கள், நாம் இழந்த ஏற்ற இறக்கம் மட்டும் திரும்பி வராது. இதை விளக்கி, இரண்டையும் ஒரே அளவில் ஒப்பிட்டுக் கேட்கச் சொல்லி, அவரைச் சம்மதிக்க வைத்தேன். நேர்காணலில் அந்தப் பாட்டின் "காற்றோட்டத்தை" நெறியாளர் பாராட்டினாரே, அந்தக் காற்று அங்கிருந்துதான் வந்தது.

"சுயாதீனக் கலைஞர்களிடம் பணம் இல்லை, நீங்களே இப்படிப் பேசலாமா" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். பணம் இல்லை என்று நேராகச் சொன்னவர்களிடம் நான் வாங்கியதில்லை. நண்பர்கள் சிலருக்கு ஒரு ஆல்பம் முழுவதையும் ஒரு ரூபாய் வாங்காமல் செய்திருக்கிறேன், அதை இதுவரை எங்கும் சொன்னதுமில்லை. இல்லாதவரிடம் எனக்கு வருத்தம் கிடையாது. காணொளிக்கு ட்ரோன் வாடகை, சட்டைக்கு வடிவமைப்பாளர், போஸ்டருக்குத் தனி ஆள் என்று செலவழித்துவிட்டு, பாட்டைக் கேட்கும்படி ஆக்கியவனிடம் மட்டும், "அண்ணா, உங்களுக்கும் இது நல்ல விளம்பரம்" என்று சொல்வதுதான் வலிக்கிறது.

இதில் சட்டத்தின் கையும் எங்களுக்கு இல்லை. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. அது நியாயம், இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். எங்களுக்கு அதில் இடமில்லை. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டம், கலைஞர் எழுதிக் கொடுத்தால் மிக்ஸிங் செய்தவருக்கும் டிஜிட்டல் ராயல்டியில் பங்கு போக வழி செய்திருக்கிறது. கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிசை மிக்ஸிங், மாஸ்டரிங் செய்தவர்களும் சேர்ந்தே பெறுகிறார்கள். இங்கே பாட்டு கோடிப் பேரைச் சென்றடைந்தாலும், நூறு பேரோடு நின்றாலும், எனக்கு வருவது அந்த ஒரு முறைக் கூலி மட்டும்தான். அதையும் பொத்தானுக்குக் கொடுக்கும் காசு என்று சொல்லிவிட்டால், சென்னை சாலிகிராமத்தில் பத்துக்குப் பதினொன்று அறைக்கு வாடகை கொடுத்து, தச்சரை வைத்து ஒலியை உறிஞ்சும் ராக்வூல் பலகை அடித்து, தண்ணீர் லாரி போகும் நேரம் பார்த்து வேலையை நிறுத்தி மறுபடி தொடங்கும் நான் வேறு எதை நம்புவது?

தம்பி, உன்னிடமே நேராகச் சொல்கிறேன். பேசிய தொகை 15,000. முன்பணம் 5,000 வந்தது. மீதி ஐந்து மாதமாக வரவில்லை. கேட்பது என் தொழில் என்றேன். செய்து கொடுத்த வேலைக்குக் காசு கேட்பதும் அதோடு சேர்ந்துவிட்டதே என்ற கூச்சத்தில்தான் இத்தனை நாள் உனக்கு ஃபோன் செய்யவில்லை. பணத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்றிரவு அந்தப் பாட்டின் யூடியூப் பக்கத்தைத் திறந்து விளக்கப் பகுதியைக் கடைசி வரி வரை படித்தேன். பாடியவர், எழுதியவர், கிட்டார், ஒளிப்பதிவு, ஒப்பனை, போஸ்டர், உணவு வழங்கிய கடை வரை இருக்கிறது. மிக்ஸிங், மாஸ்டரிங் என்ற இரண்டு சொற்களே அதில் இல்லை.

அதைத் திருத்த இரண்டு நிமிடம் போதும். என் பெயரின் எழுத்துக்கூட்டல், முன்பணம் அனுப்பிய ரசீதில் இருக்கிறது.