மேளத்தைப் பற்றிய புத்தகத்தை எப்படிச் சத்தமில்லாமல் படிப்பது?

வகுப்பில் பிள்ளைகள் மேசையில் தட்ட, நடுவில் ஒரு பையன் எழுந்து ஆடுகிற அந்த வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது என் வகுப்பு என்று தெரியாமல் எனக்கே சிலர் அனுப்பியிருந்தார்கள். “பாடம் நடத்தச் சொன்னா கூத்தடிக்கிறாங்க” என்று மேலே ஒரு வரி வேறு. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

அங்கே நடந்தது பாடம்தான். வாசிப்பு வகுப்பு. கையில் இருந்தது மில்லோ காஸ்ட்ரோவின் கதையைச் சொல்லும் படப்புத்தகம். 1930களின் கியூபாவில் மேளம் ஆண்களுக்கு மட்டும்தான் என்றிருந்தது. அதை மீறி வாசித்த சிறுமி அவள். 1932இல் ஹவானாவில் அவளுடைய அக்காமார் தொடங்கிய அனகாவோனா இசைக்குழுவில் 10 வயதிலேயே வாசித்தவள். பக்கத்துக்குப் பக்கம் மேளம் வருகிற கதையை, கையைக் கட்டி வாயைப் பொத்திக்கொண்டு கேள் என்று 7 வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மேசையில் தட்டினார்கள். தட்டச் சொன்னதே நான்தான். கதையில் வரும் மேளங்களின் பெயர்கள்: பாங்-கோ. டிம்-பா-லே. அசைக்கு ஒரு தட்டு. சொல்லைக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது சுலபம். சின்ன வகுப்பு எடுத்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், அது வாசிப்பு.

“யூடியூபில் ஒன்றைப் போட்டுக் காட்டினால் போதாதா?” என்று ஒருவர். போதாது. வீடியோ பிள்ளைக்காக நிற்காது, பக்கம் நிற்கும். முன்பு ஒருநாள் இசைக்கருவிகள் பற்றிய புத்தகம் ஒன்றை வட்டமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லால் வாசிக்கும் பெரிய வயலின் போன்ற செல்லோவின் படம் வந்ததும் ஒரு சிறுமி பக்கத்தைப் புரட்டவே விடவில்லை. வில் எந்த இடத்தில் உரசுகிறது, இடது கை எங்கே அழுத்துகிறது என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் குனிந்து படத்தின்மேல் காதை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பிள்ளையும் வைத்துப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் செல்லோ இசையைப் போட்டேன். அப்படியொரு கவனத்தோடு அவர்கள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

“படத்தில் சத்தம் எங்கே இருக்கு?” என்பவர்களுக்கு ஈவ்லின் கிளெனியைத் தெரியுமா? 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். இன்று உலகம் அறிந்த தாளவாத்தியக் கலைஞர். அதிர்வை உடம்பில் வாங்க வெறுங்காலோடு மேடையில் நின்று வாசிப்பவர். இசைக்குக் காது ஒன்றுதான் வாசல் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

படம் காட்டிப் பாடம் நடத்துவது நேற்று வந்த மோகமும் இல்லை. கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் குழந்தைகளுக்குப் படங்களோடு பாடநூல் கொண்டுவந்தது 1658இல். அதில் இசைக்கருவிகளுக்கும் ஒரு பாடம் உண்டு.

பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்றால், அது நியாயம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மைதானத்துக்குப் போயிருப்போம். சொல்லவில்லையே, போனைத்தானே எடுத்தார்கள்! பரீட்சைக்கு வருமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் இல்லை.

எனக்கு ஆறாதது வேறு. வீடியோவில் நடுவில் எழுந்து ஆடுகிறானே, அந்தப் பையன். என்ன கேட்டாலும் தலையை மட்டும் அசைப்பவன். அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குலுக்கி, தாளம் தப்பாமல் ஆடினான். ஆடி முடித்து, யாரும் கூப்பிடாமலே என்னிடம் வந்து புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தான். அவன் குரலை வகுப்பு முழுக்கக் கேட்டது அன்றுதான். வீடியோவில் அது இல்லை, அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். கீழே கமெண்டில், “பொம்பளப் புள்ள மாதிரி ஆடுறான்.” எழுதியவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தானே? பெண் மேளம் தொடக்கூடாது என்ற ஊரின் கதையைப் படித்தவனிடம், ஆண் ஆடக்கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இன்று அவனிடம் அதே புத்தகத்தை நீட்டினேன். வாங்கவில்லை. ஜன்னல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் முகம் உங்கள் டைம்லைனில் இருக்கக்கூடாது. எடுத்தவர் மட்டுமல்ல, பகிர்ந்தவர்களும் நீக்குங்கள். நீக்கிவிட்டு வாருங்கள், பாடத்திட்டம் பற்றிப் பேசலாம்.