தைலத்தைக் கலந்தவன்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை, தம்பி மகள் வாசலில் வந்து நின்றாள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை. ஏற்காட்டில் நடந்த வாலிபர் முகாமுக்கு 3 நாள் போய்விட்டு அன்றைக்குத்தான் மலையிறங்கியிருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பெரியப்பா, எனக்கு அபிஷேகம் கிடைச்சிருச்சு. பிரசங்கியார் என் தலைல கை வெச்சு, உன்னை ஜாதிகளுக்குத் தீர்க்கதரிசியா கர்த்தர் ஏற்படுத்தியிருக்கார்னு சொன்னார். நான் இனிமே காலேஜ் போகல. முழுநேர ஊழியத்துக்குப் போறேன். அப்பாகிட்ட நீங்கதான் பேசணும்."

தேவ ஆவியால் நிரப்பப்பட்டு தேவ வேலைக்கென்று பிரித்தெடுக்கப்படுவதைத்தான் எங்களில் அபிஷேகம் என்பார்கள். ஜாதிகள் என்றால் வேதத்தமிழில் தேசங்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. 26 வருடத்துக்கு முன்னால் அதே மலையில் என் தலையிலும் ஒரு கை வைக்கப்பட்டது. அதைப் பற்றி இதுவரை எங்கேயும் எழுதினதில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுடையது கொலுசுப் பட்டறைக் குடும்பம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வாங்கிவந்து, வீட்டிலேயே வேலை செய்து, எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவோம். அப்பாவுக்குப் பற்றவைப்பு வேலை. கம்பியைச் சுற்றி வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, இணைப்பில் வெங்காரம் தொட்டு, பற்றவைக்கிற பொடி வைத்து, நெருப்பைக் காட்ட வேண்டும். நெருப்பு கொஞ்சம் குறைந்தால் பற்றாது. கொஞ்சம் கூடினால் வளையமே உருகிக் குண்டாகிவிடும். நடுவில் ஒரு நொடி இருக்கிறது. பொடி உருகி இணைப்புக்குள் ஓடும்போது வெள்ளியின்மேல் பளிச்சென்று ஒரு மினுக்கம் வரும். அந்த மினுக்கத்தைக் கண்டதும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். 21 வயதில் எனக்கு அந்த நொடி பிடிபட்டிருந்தது. அப்பா என் தட்டைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டிருந்தார்.

அந்த வருடம்தான் முகாம். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். கடைசி ராத்திரி, விளக்கைக் குறைத்து, பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது என் தலையில் கை வைத்து, "இந்தக் கை இனி வெள்ளியைத் தொடாது, ஆத்துமாக்களைத் தொடும்" என்றார். நான் வெள்ளி வேலை செய்கிறவன் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று ஆடிப்போனேன். முதல் நாள் எல்லாரும் அறிமுகம் செய்துகொண்டபோது நானே சொன்னது ரொம்ப நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரமே பட்டறையை விட்டேன். வேறு ஊரில் ஆறு மாத வேதப் பயிற்சி, அதற்குப் பிறகு ஒரு குழுவோடு கிராமம் கிராமமாக. மொத்தம் 2 வருடம். ஆண்டவர் அப்போது என்னோடு இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் மனப்பாடம் செய்த சங்கீதங்கள்தான் இன்றைக்கும் என்னைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆனால் எனக்குக் கூட்டத்தில் பேச வராது. தெருமுனையில் மைக்கைப் பிடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விசுவாசம் போதாது, இன்னும் உபவாசி என்றார்கள். உபவாசித்தேன். இங்கே வீட்டில் அப்பாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்து, அந்த மினுக்கம் தெரியாமல், வளையங்களை உருக்கிக்கொண்டிருந்தார். கெட்டுப்போன வேலைக்கெல்லாம் கணக்கு அவர் தலையில். "தேவனோட வேலைக்குப் போன பிள்ளை, அவன்கிட்ட சொல்லாதே" என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாராம்.

விஷயம் தெரிந்து திரும்பி வந்தேன். ஊழியத்தில் போன அந்த 2 வருடத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லை என்று இயேசு சொன்னாரே, அவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் திருவிருந்து எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேனே, அது இன்றைக்கும் வலிக்கிறது. என் தலையில் கை வைத்தவருக்கு என் பெயர்கூடத் தெரியாது.

அப்படி இருந்தபோது சபைப் பெரியவர் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தார். ஆறுதல், ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை. நான் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பையிலிருந்து வேதத்தை எடுத்து, யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து, "சத்தமாப் படி தம்பி" என்றார்.

வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது தேவனைத் தொழுகிற கூடாரம், செய்வதற்காக ஊரியின் மகன் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைத்தேன் என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிற இடம். அவனுக்கு ஞானமும் புத்தியும் அறிவும் உண்டாக அவனைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்கிறார். எதற்காக? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய. கல் பதிக்க. மரத்தில் சித்திரவேலை செய்ய. "வெள்ளியிலும்" என்ற வார்த்தையில் என் குரல் நின்றுவிட்டது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பெரியவர் என் முதுகைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பகுதியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. 30-ஆம் அதிகாரத்தில் அபிஷேகத் தைலத்தின் பக்குவம் இருக்கிறது. வெள்ளைப்போளம் 500 சேக்கல், சுகந்த கருவாப்பட்டை 250, சுகந்த வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அப்புறம் ஒலிவ எண்ணெய். எடையோடு பிழைக்கிறவன் நான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சேக்கல் சுமார் 11 கிராம். எல்லாம் சேர்த்தால் 16 கிலோவுக்கு மேல் வருகிறது. அந்தத் தைலம் பிரதான ஆசாரியனான ஆரோனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் மட்டும் போகவில்லை. கூடாரத்தின் மேஜை, குத்துவிளக்கு, பலிபீடம், கை கால் கழுவுகிற தொட்டி, அந்தத் தொட்டியின் பாதம் வரைக்கும் பூசச் சொல்கிறார்.

சரி, அதைக் கலந்தது யார்? 37-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். பெசலெயேல் செய்தவற்றின் வரிசையில்தான் அபிஷேகத் தைலமும் வருகிறது. பிரதான ஆசாரியன் தலையில் ஊற்றப்பட்ட எண்ணெய் ஒரு வேலைக்காரன் கையில் இடிபட்டு, அளக்கப்பட்டு, கலக்கப்பட்டது. பெசலெயேலின் தலையில் யாராவது எண்ணெய் ஊற்றினார்களா என்று தேடினேன். வேதத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. ஆவியால் நிரப்பப்பட்டதற்கு அவனிடம் இருந்த ஒரே அடையாளம் அவன் செய்த வேலைதான்.

இதை நம் சபைகளில் யார் பிரசங்கிக்கிறார்கள்? சேலத்தில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அபிஷேகப் பெருவிழா, இரட்டிப்பான அபிஷேகம் என்று போஸ்டர். எலியா தீர்க்கதரிசியின் ஆவியில் இரட்டிப்பு கேட்ட எலிசா, அந்த எலியா தன் சால்வையை அவன்மேல் போட்டு அழைத்தபோது பன்னிரண்டு ஏர் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தவன். பிற்பாடு ஒரு ராஜா விசாரிக்கும்போது அவனை எப்படி அடையாளம் சொல்கிறார்கள்? எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த எலிசா என்று. தாவீதை ராஜாவாக அபிஷேகம் செய்ய அவன் தலையில் சாமுவேல் தீர்க்கதரிசி கொம்பு நிறைய எண்ணெயை ஊற்றினார். அதே அதிகாரத்தில் சவுல் ராஜா ஆள் அனுப்புகிறபோது தாவீது எங்கே இருக்கிறான்? ஆட்டு மந்தையில். ராஜாவாகும்போது அவனுக்கு 30 வயது. எண்ணெய்க்கும் சிங்காசனத்துக்கும் நடுவில் ஆடு, போர், குகை, பசி எல்லாம் இருந்தன. முகாமின் கடைசி ராத்திரி அந்த நடுப்பகுதியை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஆவியானவரைத் துக்கப்படுத்தாதே என்று சில நண்பர்கள் கோபிப்பீர்கள், தெரியும். நான் தீர்க்கதரிசனத்தை நம்புகிறவன். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினதையும் நம்புகிறவன்: தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டும் அடுத்தடுத்த வசனம். முதலாவதை மேடையில் சொல்லி, இரண்டாவதை விட்டுவிடுகிறோம். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு, "ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே" என்று எழுதுகிறார். அந்தியோகியா சபையில் பர்னபாவையும், அப்போது சவுல் என்று அழைக்கப்பட்ட இதே பவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்தெடுத்து அனுப்பினார்களே, அதற்கு முன்னால் அவர்கள் ஒரு வருடம் முழுக்க அதே சபையில் போதித்திருக்கிறார்கள். சபை அவர்கள் போதித்ததைக் கேட்டது, நடந்துகொண்டதைப் பார்த்தது. பிறகு உபவாசித்து, ஜெபம் செய்து, கை வைத்தது. மூன்று நாள் பழக்கத்தில் ஒரு பிள்ளையின் படிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சொல்கிறவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பீஸ் கட்டினது தம்பி.

முழுநேர ஊழிய அழைப்பு உண்மைதான். 1827-இல் லண்டன் மிஷன் சேலத்தில் வேலை தொடங்கியிருக்காவிட்டால் எங்கள் சபை ஏது? ஆனால் அந்த மிஷனில் வந்த லெக்லர் ஐயர் இங்கே பிரசங்கத்தோடு தொழிற்பள்ளியும் நடத்தினவர். அவருக்கு உளியும் வேதமும் ஒன்றுக்கொன்று விரோதமாகத் தெரியவில்லை.

என் அம்மா வழி கத்தோலிக்கர்கள். அம்மாயி ஏற்காட்டில் காபிப் பழம் பறித்தே காலத்தை ஓட்டினவர். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஒருமுறை எனக்கு விளக்கிச் சொன்னார். வருடா வருடம் புனித வாரத்தில் ஆயர் கிறிஸ்மா எண்ணெயை மந்திரிப்பார். ஒலிவ எண்ணெயில் வாசனைப் பிசின் கலந்தது. புதுக்குருவின் உள்ளங்கையில் பூசுவது அதுதான், ஆயராகிறவர் தலையில் ஊற்றுவதும் அதுதான். ஞானஸ்நானத்தில் கைக்குழந்தையின் உச்சந்தலையில் தடவுவதும் அதே எண்ணெய். அம்மாயி தலையிலும் அது பட்டிருக்கிறது. அவர் கடைசி வரை கூடையோடு தோட்டத்துக்குப் போனார், பக்கத்து லைன் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு முதலில் போய் நின்றார். நான் புரோட்டஸ்டண்ட்காரன், எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்று யோவான் எழுதினது முழுச் சபைக்கும்தானே.

இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் அன்றைக்கே சொல்லவில்லை. உட்காரவைத்து சாதம் போட்டேன். "வார்டுல என்ன வேலை கண்ணு கொடுக்கறாங்க?" என்று கேட்டேன். முதலில் அலட்சியமாகத்தான் ஆரம்பித்தாள். பக்கவாதம் வந்த ஒரு பாட்டி, பேச்சு போய்விட்டது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். ஏற்கெனவே இடுப்புக்குக் கீழே ஓர் இடம் சிவந்திருக்கிறதாம். சொல்லச் சொல்ல அவள் கை தட்டை விட்டு எழுந்தது. ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து எப்படித் திருப்ப வேண்டும், போர்வையில் சுருக்கம் இல்லாமல் எப்படி இழுத்துவிட வேண்டும் என்று காற்றிலேயே செய்து காட்டினாள். "நான் திருப்பினா மட்டும் பாட்டி முனகாது பெரியப்பா. மத்தவங்க தொட்டா கத்தும்."

சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். படிப்பை முடி. அதுவரை சனிக்கிழமைகளில் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்து, நம் போதகரும் சபையும் பார்க்கட்டும். அழைப்பு நிஜமானால் 2 வருடத்தில் கெட்டுப்போகாது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பியிடம் நான் இன்னும் பேசவில்லை.

நேற்று ராத்திரி போன் செய்தாள். பாட்டிக்குச் சிவப்பு குறைந்திருக்கிறதாம். "ஊழியத்தைப் பத்தி இன்னும் ஜெபம் பண்ணிட்டுதான் இருக்கேன் பெரியப்பா, விட்டுட்டேன்னு நினைக்காதீங்க" என்றாள். காலையில் 7 மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், தூங்கப் போகிறேன் என்று வைத்துவிட்டாள்.