திபெத் வெந்நீர்ப் பாம்பு பற்றி ஒரு திருத்தம்

திபெத்தின் வெந்நீர் ஊற்றுப் பாம்பு, மரபணு மாற்றத்தால் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்துதான் 4,000 மீட்டருக்கு மேல் பிழைக்கிறது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். மரபணு மாற்றம் இருப்பது உண்மை. அது வேலை செய்யும் திசைதான் நேர்மாறு.

ஆக்சிஜன் குறையும்போது இபாஸ்1 (EPAS1) என்ற மரபணு, எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைத் தூண்டும். அதனால் சிவப்பணுக்கள் பெருகும். சமவெளியிலிருந்து மலையேறும் நமக்கு இது சில வாரங்களுக்கு உதவி. ஆயுள் முழுவதும் நீடித்தாலோ இரத்தம் கெட்டியாகி, அதைத் தள்ளவே இதயம் திணறும். இந்தப் பாம்பிடம் உள்ள இபாஸ்1 வடிவம் அந்தத் தூண்டலை வலுவாகச் செய்வதில்லை, மட்டுப்படுத்துகிறது. திபெத்திய மக்களிடமும் இதே மரபணுவில் மாற்றம் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் ஹீமோகுளோபின் அளவுக்கு மீறி ஏறுவதில்லை. குளிர் இரத்தப் பிராணிக்கும் மனிதருக்கும் இப்படியோர் ஒற்றுமை! எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2018இல் இப்பாம்பின் மரபணுத்தொகுதி ஆய்வு வெளியானது. தெர்மோஃபிஸ் பெய்லி (Thermophis baileyi) என்ற அறிவியல் பெயரோடு இபாஸ்1 என்பதையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்கும். எரித்ரோபொயட்டின் பற்றிய வரியில் கூடுதல் என்றிருக்கிறதா, குறைவு என்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.