எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று கேட்டது தப்பா?

முந்தாநாள் ஒரு புதுப் போன் ரிவ்யூ நேரலையில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. புதுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையின் வெளிச்சம், கேமராவின் ஜூம், சார்ஜ் ஏறும் வேகம் என்று வெகுநேரம் பேசினார்கள். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இதற்கு எத்தனை வருஷம் அப்டேட் தருகிறார்கள்?" வந்த பதில், "அதெல்லாம் மூணு வருஷத்துக்கு மேல ஒரே போனை வச்சிருக்கிறவங்க கவலை. டெக் ஆர்வலர்களுக்கு எதுக்கு அது?" அப்புறம் ஒரு சிரிப்பு. கீழே வரிசையாகச் சிரிப்பு இமோஜிகள்.

ஆறப் போட்டுப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு போனை வாங்குகிறவருக்கு அவசியம் தெரிய வேண்டியது, அது எந்தத் தேதி வரை பாதுகாப்பாக ஓடும் என்பது. கேமரா எப்படி என்று கையில் எடுத்துப் பார்த்தாலே ஓரளவு பிடிபட்டுவிடும். திரை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. ஆனால் அப்டேட் எப்போது நிற்கும் என்று போனை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்வதற்குத்தானே ரிவ்யூ?

இது என் தனிப்பட்ட கிறுக்கு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2023 அக்டோபரில் பிக்சல் 8 வந்தபோது ஏழு வருஷ அப்டேட் என்று கூகுள் அறிவித்தது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் அதே ஏழு வருஷத்தைச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் இதை விதியாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் இயங்குதள அப்டேட் கிடைக்க வேண்டும். முக்கிய உதிரி பாகங்கள் ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். கம்பெனிகளே மேடையேறிப் பெருமையாகச் சொல்கிற ஒன்றை, அரசாங்கங்கள் உட்கார்ந்து விதி எழுதுகிற ஒன்றை நான் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது.

"கம்பெனி என்ன செய்யும், சிப் செய்தவன் கைவிட்டுவிட்டால்?" என்று ஒரு தம்பி நியாயமாகவே கேட்டிருந்தார். உண்மைதான். சிப்பைச் செய்தவர்கள் அதன் டிரைவர்களை, அதாவது சிப்பை இயக்கும் மென்பொருளை, புது ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தால்தான் போன் கம்பெனியால் அடுத்த பதிப்பைச் சுலபமாகக் கொண்டுவர முடியும். இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 2017-ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது, சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டு பகுதியையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். பிராஜெக்ட் ட்ரெபிள் என்று பெயர். ஆனால் சிப்காரர் கைவிட்டால் கதை முடிந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஃபேர்போன் 2 என்று ஒரு போன் 2015-ல் வந்தது. அதன் சிப்பைச் செய்த குவால்காம் ஆண்ட்ராய்டு 6-க்கு மேல் ஆதரவு தரவில்லை. போனைச் செய்த ஃபேர்போன் என்ற சின்னக் கம்பெனி தானே மல்லுக்கட்டி 2021-ல் அதற்கு ஆண்ட்ராய்டு 9 கொடுத்தது. 2023 வரை விடாமல் பார்த்துக்கொண்டது. இன்னொரு பக்கம், 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. மனசு வைத்தால் நடக்கிறது. நடக்காத இடத்தில் யாரோ வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அப்பாவின் போன். கம்பெனி பெயர் வேண்டாம். பேட்டரி மாற்றியாகிவிட்டது, திரையில் ஒரு கீறல் கிடையாது, பேச்சு தெளிவாகக் கேட்கும். எழுத்தைப் பெரிதாக வைத்து, எந்தச் சின்னம் எந்த மூலையில் என்று விரலாலேயே பழகி வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் வங்கிச் செயலியைத் திறந்தால், உங்கள் ஆண்ட்ராய்டு பதிப்பில் இது இயங்காது என்று ஒரு கட்டம் வருகிறது. 'சரி' என்று ஒரு பொத்தான் மட்டும். அதை அமுக்கினால் செயலி மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் திரும்பவும் அதே கட்டம். அவர் அதை எத்தனை தடவை அமுக்கினாரோ தெரியாது. என்னிடம் கொண்டுவந்து நீட்டியபோது கேட்டது இதுதான்: "நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனாப்பா?"

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. அந்த மாடலை வாங்கிய நாளிலேயே அதற்கு அப்டேட் முடியப்போகிற காலம் நெருங்கியிருந்தது. விற்பனைக்கு வந்து வெகுநாள் ஆன மாடலைத் தள்ளுபடியில் வாங்கினோம். அப்டேட் கணக்கு பெரும்பாலும் போன் அறிமுகமான நாளிலிருந்துதான் ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. இதை எந்த ரிவ்யூவும் எங்களுக்குச் சொல்லவில்லை. சர்வீஸ் மையத்தில் இருந்தவர் போனை வாங்கிக்கூடப் பார்க்காமல், "இது முடிஞ்சு போன போன் சார், புதுசு பாருங்க" என்றார். பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே போனை வைத்திருக்கிறவர் என்று அன்றைக்குச் சிரித்தீர்களே, அவர் இவர்தான்.

அடுத்த பதில் எனக்குத் தெரியும். "அப்டேட் வராவிட்டால் என்ன, போன் ஓடத்தானே செய்கிறது?" ஓடும், கதவைத் தாழிடாத வீட்டில் குடியிருப்பது மாதிரி. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களை முடக்கியது நினைவிருக்கிறதா? பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள். ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பொதுவான அப்டேட் அப்போது இல்லை. தாக்குதல் நடந்த பிறகுதான் அவசர அவசரமாக வெளியிட்டார்கள்.

"அப்டேட் போட்டால் போன் மெதுவாகிவிடும், அதனால் நான் போடுவதே இல்லை" என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பேட்டரி நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். முன்கூட்டிச் சொல்லாததற்காக பிரான்சில் 2020-ல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் கட்டினார்கள். பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும் என்பது தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கினார்களோ. அங்கேயும் பிரச்சினை சொல்லாமல் விட்டதுதான். நான் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறேன்: சொல்லிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் இன்னும் எரிச்சல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 2015-ல் வந்தது, பத்து வருஷம் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 வேண்டும், கூடவே மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். இங்கே ஒருவர் வந்து "பாதுகாப்புக்காகத்தான் அண்ணா, டிபிஎம் என்றால் என்னவென்று தெரியுமா?" என்று பாடம் எடுப்பார். தெரியும். மறையாக்கச் சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் பகுதி அது. நல்ல விஷயம், வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 2016 ஜூலைக்குப் பிறகு விண்டோஸ் 10-ஓடு வரும் புது மாடல்களில் டிபிஎம் 2.0 இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே விதித்திருந்தது. அதனால் ஏழாம் தலைமுறை லேப்டாப் பலவற்றில் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது. இருந்தும் பட்டியலில் இடமில்லை. அந்தத் தலைமுறையில் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்ட சிலவற்றில் ஒன்று கோர் ஐ7-7820எச்க்யூ. அது மைக்ரோசாஃப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-க்குள் இருந்த சிப். அதற்கு அவர்கள் டிரைவர் சார்ந்த காரணம் ஒன்று சொன்னார்கள். இருக்கட்டும். அதே தலைமுறை சிப்போடு வேறு கம்பெனி லேப்டாப் வாங்கியவருக்கு அந்த விளக்கத்தால் என்ன ஆறுதல்?

விண்டோஸ் 10-க்கு ஒரு வருஷம் நீட்டிப்பு கொடுத்தார்களே என்பீர்கள். கொடுத்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. அதற்கப்புறம்? 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்குப்பை போட்டிருக்கிறது என்று ஐநா அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம். அந்தக் குப்பையில் பழுதே இல்லாத லேப்டாப்களும் போய்ச் சேருவதை ஒரு தொழில்நுட்ப ஆர்வலன் எப்படிச் சிரித்துக்கொண்டு பார்ப்பான்?

அந்த வார்த்தைதான் உண்மையில் வலித்தது. "டெக் ஆர்வலர்களுக்கு எதுக்கு?" அப்படியென்றால் நான் யார்? புதுசாக எது வந்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. 2020-ல் ஆப்பிளின் எம்1 சிப் வந்தபோது, மின்விசிறியே இல்லாத ஒரு லேப்டாப் அந்த வேகத்தில் ஓடியதைப் பார்த்து ஒரு வாரம் அதையே பேசித் திரிந்தவன் நான். புதுசு மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. வெறுப்பு என்று எழுதியவர்கள் என் பழைய பதிவுகளை ஒரு முறை புரட்டிப் பார்க்கட்டும்.

ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் ஒன்று பழைய லேப்டாப்பில்தான் கிடைத்தது. தங்கை தூக்கிப்போடச் சொல்லிக் கொடுத்தது. பின்மூடியின் திருகுகளைக் கழற்றி, மூடியின் விளிம்பில் பிளாஸ்டிக் பட்டையை விட்டு நெம்பினால், விசிறியின் வாயில் தூசி துணி மாதிரி திரண்டு கிடந்தது. பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தப் போட்டிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து தூளாக உதிர்ந்தது. சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் வைத்து, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். முன்பு ஆன் செய்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இப்போது உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. தங்கை மகள் இன்றைக்கும் அதில்தான் பைத்தான் நிரல்மொழி பழகுகிறாள். இது தொழில்நுட்ப ஆர்வம் இல்லையென்றால், பெட்டி திறக்கிற வீடியோ எடுப்பது மட்டும்தான் ஆர்வமா?

"உங்களுக்கு நேரம் இருக்கிறது, எல்லோராலும் இப்படித் திருகு கழற்ற முடியுமா?" முடியாது. அதனால்தான் வாங்கும்போதே கேளுங்கள் என்கிறேன். "சாதாரண ஜனங்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை" என்று ஒருவர் ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அப்பா போனை நீட்டிய விதத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் அவர் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

நேரலை நடத்தியவர் தனிச்செய்தியில் "ஜாலிக்குச் சொன்னது, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் தணிந்துவிட்டது. அடுத்த வீடியோவில் இரண்டே வரி சொல்லட்டும்: இயங்குதள அப்டேட் எந்த வருஷம் வரை, பாதுகாப்பு அப்டேட் எந்த வருஷம் வரை. நானே முதல் ஆளாகப் பகிர்கிறேன்.

உங்கள் போனில் செட்டிங்ஸ் போய், போன் பற்றிய பகுதியில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்பு அப்டேட் தேதி காட்டும். சில மாடல்களில் அது வேறு இடத்தில் இருக்கும். தேதி ரொம்பப் பின்தங்கியிருந்தால் மாடல் பெயரைக் கீழே போடுங்கள். அதற்கு இன்னும் அப்டேட் வருமா, எது வரை என்று தேடிச் சொல்கிறேன். எவ்வளவு பழைய போனாக இருந்தாலும் கூச்சப்படாமல் போடுங்கள். சிரிக்கிறவர்களின் கமென்ட்டை நான் நீக்கிவிடுவேன்.