ஸ்கேலிங்கால் பல் ஆடுவதில்லை

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும், ஈறுக்குத் தனி டாக்டர் என்பதெல்லாம் காசு பிடுங்கத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. ஸ்கேலிங் என்பது பல்லில் இறுகிப் படிந்த அழுக்கை, அதாவது காரையை, எடுத்துச் சுத்தம் செய்வது.

ஆடுகிற பல்லைச் சுற்றியுள்ள எலும்பு ஈறு நோயால் முன்பே கரைந்திருக்கும். பற்களுக்கு இடையில் இறுகிப்போன காரை, சிமெண்ட் பூசியது போல அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. சில நாள் கூச்சமும் இருக்கும், அவ்வளவுதான். காரையை அப்படியே விட்டால் எலும்பு மேலும் கரையும்.

சாதாரண ஈறு வீக்கத்துக்கு வழக்கமான பல் டாக்டரே போதும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை மெல்லிய கம்பியால் அளப்பார்கள், 3 மி.மீ. வரை பயமில்லை. வேர் வரை சுத்தம் செய்த பிறகும் 5, 6 மி.மீ. என்று நின்று ரத்தம் கசிந்தால் ஈறு நிபுணரிடம் போக வேண்டும். ஈறைத் திறந்து சுத்தம் செய்வது, தேவைப்பட்டால் எலும்புத்தூள் வைப்பது எல்லாம் அவர் வேலை. பி.டி.எஸ். முடித்து, இதற்கென்றே இன்னும் 3 வருடம் எம்.டி.எஸ். படித்தவர்.

சர்க்கரை உள்ளவர்கள் தள்ளிப்போடாதீர்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். "எனக்கு ரத்தமே வரலையே" என்று அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.