'கான்ட்ராஸ்ட் போதவில்லை' என்றால் எங்கே?

பிறர் எடுத்த கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கருத்துச் சொல்வது பற்றிய ஒரு கட்டுரையில், "கான்ட்ராஸ்ட் போதவில்லை", அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வேறுபாடு போதவில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள் என எழுதியிருப்பது ரொம்பச் சரி. எந்த இடத்தில் என்று சொன்னால்தானே திருத்த முடியும்? நண்பர் அனுப்பிய படமொன்றில் சிவப்புக் குடையும் பின்னாலிருந்த பச்சைச் செடியும் ஒரே சாம்பலாகக் கலந்திருந்தன. "கலரிலிருந்து மாற்றும்போது சிவப்பின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்" என்றேன். குடை தனியாக எழுந்து நின்றது!

புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த சோன் முறை (படத்தின் இருட்டு-வெளிச்சத்தைப் படிகளாகப் பிரிப்பது) தெரிந்திருந்தால் பேசுவது இன்னும் சுலபம். முழுக் கருப்பான 0 முதல் முழு வெள்ளையான 10 வரை 11 படிகள். நிழலில் துணியின் நெசவு தெளிவாகத் தெரிய 3ஆம் படியாவது வேண்டும். கருத்துச் சொல்லும் முன் உங்கள் திரையின் வெளிச்சத்தையும் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்த மொபைலில் பார்த்துவிட்டு "ரொம்ப இருட்டு" என்று எழுதி அசடு வழிந்தவன் நான்.